கலைச்சொல்: ஓசோன் சிதைவா, தேய்வா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘ozone depletion’ என்பதை ‘ஓசோன் சிதைவு’ என்று எழுதிவருகிறோம். வேதியியலில் இது இடறுகிறது. சிதைவு என்பது மூலக்கூறு உடைவது. ஓசோன் மிகுந்துள்ள மேல்வளிப் பகுதியான அடுக்கு மண்டலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு ஓசோன் உடைவதும், பிரிந்த ஆக்சிசன் அணு ஆக்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து மறுபடி ஓசோனாவதும் பகலெல்லாம் நடப்பவை. புற ஊதாக் கதிரை உறிஞ்சி நம்மைக் காப்பதே அந்தச் சிதைவுதான்! குளோரினும் புரோமினும் புகுந்து, உருவாவதைவிட அழிவது மிகும்போதுதான் கேடு. குளோரின் அணு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிசன் அணுவைப் பறிக்கிறது, பின் அதைக் கைவிட்டுப் பழையபடி தனியணுவாகிறது. இப்படி ஒரே அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். இந்த நிகர இழப்புக்கு ‘ஓசோன் தேய்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

———

ஐயா, தேய்வு என்றதும் தேய்பிறைதான் நினைவுக்கு வரும். தேய்ந்தது தானே வளர்ந்துவிடும் என்று மாணவர் எண்ணமாட்டாரா? ‘அருகல்’ (அரிதாகிக் குறைதல்) பொருந்துமே. ‘ஓசோன் ஓட்டை’யையும் இத்தோடு திருத்திவிடலாம்.

———

தென்முனையில் நடப்பது ஏறத்தாழ தேய்பிறைதான். குளிர்கால இருளில் வெப்பநிலை −78 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி முனை முகில்கள் உருவாகின்றன. அவற்றின் மேற்பரப்பில் விடுபடும் குளோரின், செப்டம்பரில் வெயில் வந்ததும் வேலையைத் தொடங்குகிறது. முனையைச் சுற்றிச் சுழலும் காற்றான முனைச்சுழல் கலைந்து வெளிக்காற்று புகுந்தபின், பெரும்பாலும் டிசம்பருக்குள், குறைந்த ஓசோன் நிரம்பிவிடும். ஆண்டுக்கணக்கில் குறைவதையும் தேய்வு தாங்கும். பாறை தேய்கிறது, படி தேய்கிறது என்கிறோமே. அருகல் எண்ணி அறியும் உயிரினங்களுக்கு இருக்கட்டும்.

‘ஓட்டை’ தவறுதான். ஓசோன் அளவு 220 டாப்சன் அலகுக்குக் கீழே போனால் அப்பெயர் இடுகிறார்கள். தலைக்குமேல் உள்ள ஓசோன் முழுவதையும் 0 பாகையில், ஒரு வளியழுத்தத்தில் திரட்டினால் 220 அலகு என்பது 2.2 மி.மீ. தடிமன், இயல்பில் ஏறக்குறைய 3 மி.மீ. மெலிந்திருக்கிறதே ஒழியத் துளை விழவில்லை. 14 முதல் 20 கி.மீ. உயரத்தில் மட்டும் அக்டோபரில் கிட்டத்தட்ட முழுதும் அற்றுப்போகும். ‘ஓசோன் பள்ளம்’ என்போம்.

———

பள்ளம் சரி. தேய்வுக்கும் இசைகிறேன், அதிலிருந்து மற்ற சொற்கள் கிளைப்பதால். ஓசோனைக் காக்க நாடுகள் செய்த ஒப்பந்தமான 1987 மாண்ட்ரியல் நெறிமுறை கட்டுப்படுத்தும், குளோரினையோ புரோமினையோ வெளிவிட்டு ஓசோனை அழிக்கும் பொருள்களை, ஊக்கி, ஒடுக்கி போல ‘ஓசோன் தேய்ப்பி’ எனலாம். அவற்றின் வலிமை ‘தேய்ப்புத்திறன்’: ஒப்பீட்டு அளவுகோலான குளோரோஃபுளோரோகார்பன்-11க்கு 1, தீயணைப்பு வாயுவான ஹாலோன்-1301க்கு 10. அருகலிலிருந்து இப்படி ஒரு சொல் எடுக்க வரவில்லை.