மொறிஸ் மைனர் மட்காட் திரும்பவும் கறள் புடிக்குது, வெறும் தகரத்துல முதல்ல என்ன அடிக்கிற?

கல்லடி மைனர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பாட 1958 மொடல் மொறிஸ் மைனர் கார், வீடு கல்லடி கடக்கரைப் பக்கம். முன் மட்காட் ரெண்டும் கதவுக்குக் கீழ ஓடுற பெட்டியும் கறள் திண்டு ஓட்டை. போன வருசம் ஒரு கராஜ்ல தகரம் வெல்ட் பண்ணி பட்டி (பள்ளம் நிரப்புற பசை) போட்டு பெயின்ட் அடிச்சுத் தந்தாங்க, மாரி முடியிறதுக்குள்ள ஹெட்லைட்டுக்கு மேல கொப்புளம் கொப்புளமா எழும்பிட்டு, நகத்தால கிளப்பினா பட்டியோட கழண்டு வருது, அடியில மண்ணிறத்துல ஈரம். இந்தமுறை நானே செய்யப்போறன். பட்டி முதலா பிறைமர் (பெயின்டுக்கு அடியில அடிக்கிற கோட்) முதலா?

கல்முனை டிங்கர்:
தம்பி, பட்டி தண்ணி குடிக்கும், பிரச்சினையே அதுதான். காஞ்ச பட்டிக்குள்ளயும் சின்னச் சின்னத் துளை இரிக்கி, தண்ணி ஊத்தித் தேய்ச்சா அவ்வளவும் உள்ளுக்க போய் தகரத்துல நிக்கும். முதல்ல கறள 80 நம்பர் சேண்ட் பேப்பரால வெறும் தகரம் மினுங்குற வரைக்கும் எடுங்க, குழிக்குள்ள கறுப்புப் புள்ளி நிண்டா பொஸ்போரிக் அசிட் தடவி, கழுவி, நல்லாக் காயவிட்டு, தின்னர் துணியால துடைச்சுப்போட்டு அதுக்குப் பிறகு கை வைக்காதீங்க, வேர்வையிலயும் உப்புத்தான். அண்டைக்கே எப்பொக்சி பிறைமர் (ரெண்டு பொருள் கலந்து அடிக்கிற, ஈரம் உள்ளுக்க விடாத பிறைமர்) அடிச்சிருங்க, கடக்காத்துல வெறும் தகரம் விடியக்குள்ள சிவந்திரும். பட்டி எப்பொக்சிக்கு மேலதான், தண்ணியில்லாம தேய்ங்க. கடையில எட்ச் பிறைமர் (அசிட் கலந்து தகரத்தக் கடிச்சுப் பிடிக்கிற பிறைமர்) தந்தா அதுக்கு மேல பட்டி வேணாம், அதுல உள்ள அசிட் பட்டிய ஒழுங்கா இறுகவிடாது.

அக்கரைப்பற்றான்:
டிங்கர் அண்ணன் சொன்னது சரி, ஆனா மைனர்ல கறள் பாதி உள்பக்கத்தாலதான் வருது, அதை ஆருமே பாக்கிறல்ல. டயர் அடிக்கிற சேறு ஹெட்லைட் கிண்ணத்துக்கு மேல ஏறி அங்கயே குந்தியிருக்கும், வெயில் எறிச்சாலும் காயாது. மட்காட் போல்ட்லதானே நிக்குது, கழட்டி எடுத்து உள்பக்கமும் எப்பொக்சி அடிங்க, கழட்டாம செஞ்ச வேலை நிக்காது. கீழ பெட்டி வேற கதை. மைனருக்குத் தனிச் சேசி (அடியில வண்டியத் தாங்குற இரும்புச் சட்டம்) இல்ல, அந்தப் பெட்டிதான் வண்டியத் தாங்குது, அங்க பட்டியால மறைக்கிறது ஆபத்து, கறள் உள்ள தகரத்த வெட்டி எறிஞ்சுபோட்டு புதுத் தகரம் வைங்க. ஒண்டுக்கு மேல ஒண்டு வார இடத்துல வெல்ட் பண்ண முதல் சிங்க் (நாகம்) கலந்த பிறைமர் அடிங்க, பெயின்ட் வேலை எல்லாம் முடிஞ்சாப்போல உள்ளுக்க குழாய் விட்டு கெவிட்டி வெக்ஸ் (உள்பக்கம் கறள் பிடிக்காம அடிக்கிற மெழுகு) அடிங்க. தண்ணி வடியிற ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க.

கல்லடி மைனர்:
பெரிய உதவிண்ணன். எப்பொக்சி அடிச்சுப்போட்டு மழை விடுற வரைக்கும் வச்சிருக்கலாமா?

கல்முனை டிங்கர்:
கூரைக்குக் கீழ வைங்க, பிரச்சினையில்ல. டின்னுல போட்டிருக்கிற நேரம் தாண்டினா மேல் கோட்டுக்கு முதல் லேசா உரசிக்கொள்ளணும். நவம்பர் தொட்டு ஜனவரி மட்டும் நம்மட பக்கம் கலர் அடிக்காம இரிக்கிற நல்லம் தம்பி, ஈரக்காத்துல தின்னர் பறக்கக்குள்ள பெயின்ட் வெளுறிப் புகார் மாதிரி வரும். கொம்ப்ரசர் டேங்கில நிக்கிற தண்ணியையும் அடிக்க முதல் திறந்து விடுங்க.