அக்காவைக் காப்பாற்றிவிட்டால் அவன் ஏன் போனான்? காலப்பயணக் கதையில் ஒரு தருக்கச் சிக்கல்

வாவிக்கரையான், மட்டக்களப்பு

வணக்கம். சில மாதங்களாக ஒரு சிறுகதையை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எங்கள் நாவலடியில் ஆழிப்பேரலைக்கு அக்காவைப் பறிகொடுத்த சிறுவன், வளர்ந்து காலப்பொறி ஒன்றைச் செய்து, அன்று காலைக்கே திரும்பிச் சென்று, அவளை வாவியின் மறுகரைக்குக் கூட்டிப்போக முயல்கிறான். காப்பாற்றினான் என்று எழுதினால், அக்கா உயிரோடிருக்கும் சிறுவனுக்குக் காலப்பொறி செய்யும் தேவையே எழாது. பொறி இல்லையென்றால் அவன் போயிருக்க மாட்டான். போகவில்லையென்றால் அவள் இறந்திருப்பாள். அவள் இறந்திருந்தால் அவன் பொறியைச் செய்வான். பாட்டனைக் கொன்றால் தானே பிறந்திருக்க முடியாத பேரனின் முரண்தான் இது என்பதை அறிவேன்.

அவன் போனது நம் உலகத்துக்கு இணையான வேறோர் உலகம், அதாவது இணையுலகம், என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுமாறு நண்பர் ஒருவர் சொல்கிறார். அன்று போன உயிர்களை அப்படி ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. தருக்கத்தையும் மீறாமல், அந்தக் காலையையும் பொய்யாக்காமல் இக்கதையை முடிக்க வழி உண்டா?

பௌதிகவியல் ஆசிரியர், கல்முனை

தங்கள் கதையில் ஓர் ஊகம் சொல்லாமலே புகுந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அவன் இல்லாமல் ஒரு தடவையும், பின்னர் அவனோடு இன்னொரு தடவையும் நிகழ்வதாகத் தாங்கள் எண்ணுகிறீர்கள். ஆனால் அந்த நாள் ஒன்றே. அவன் அங்கே போனது உண்மையென்றால், சிறுவனாக அவன் அழுதுகொண்டு நின்ற அதே காலையில், வளர்ந்தவனாகவும் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறான்.

அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1976இல் எழுதிய கட்டுரையில் இம்முடிச்சை அழகாக அவிழ்த்தார். 'முடியும்' என்ற சொல்லை நாம் எந்த உண்மைகளைக் கணக்கில் எடுத்துச் சொல்கிறோம் என்பதே அவரது கேள்வி. அவனுக்குக் கால்கள் உண்டு, வழி தெரியும், வீட்டுப் படலையும் திறந்தே கிடக்கிறது. இவற்றை மட்டும் பார்த்தால் அவனால் அக்காவைக் காப்பாற்ற முடியும். அக்கா அன்று இறந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. அவனைத் தடுப்பதற்கு ஒரு மாயக்கையும் வேண்டியதில்லை. ஏதோ ஒரு சாதாரணக் காரணத்தால் அவன் தவறுகிறான், அவ்வளவே. ரஷ்யப் பௌதிகவியலாளர் இகோர் நோவிகொவ் 1980களில் இதே கருத்தைப் பௌதிகவியலில் முன்வைத்தார். கடந்த காலத்துக்கே வளைந்து திரும்பும் பாதைகளுக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் இடமுண்டு என்று தருக்கவியலாளர் குர்ட் கெடல் 1949இலேயே காட்டியிருந்தார்.

இணையுலகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நிகழக்கூடியவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உலகத்தில் நிகழ்கின்றன என்று அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த பல்லுலக விளக்கத்தைக் கொண்டு, பிரித்தானியப் பௌதிகவியலாளர் டேவிட் டொயிட்ச் 1991இல் காலப்பயண முரணைத் தீர்க்க முயன்றார். அதன் விதி கடுமையானது. அவன் காப்பாற்றுவது வேறோர் உலகத்துச் சிறுவனின் அக்காவை; தன் உலகத்தில் இறந்தவர் இறந்தவராகவே இருக்கிறார். அதை முழுமையாக எழுதினால் அது தப்பிப்பு ஆகாது.

ஒரே நாள் என்ற வழியில் போவதானால், காலப்பொறியின் வரைபடத்தைச் சிறுவன் கையில் கொடுத்துவிட்டுப் போன அந்நியரும் அவனே என்று வைத்துப் பாருங்கள்.

கூத்துப்பித்தன், களுவாஞ்சிக்குடி

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். கடைசி யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்தை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரிடம் விருத்தப் பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டு, நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போய், இளைஞராக இருக்கும் அதே அண்ணாவியாருக்கு அதைப் பாடிக் காட்டுகிறார். அண்ணாவியார் அதைக் கேட்டுப் பழகித்தான் பின்னாளில் இவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த விருத்தத்தை இயற்றியவர் யார்? இதில் முரண் ஏதும் இல்லை, எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் ஆக்கியோன் இல்லாத பாட்டு ஒன்று நம் கையில் இருக்கிறது.

பாட்டுக்குப் பதிலாகக் கூத்து ஏட்டையே கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு சுற்றிலும் ஏடு நாற்பது ஆண்டு பழசாக வேண்டும். ஓரம் உதிரும், பூச்சி அரிக்கும். கொடுத்தபோது இருந்த ஏடும் பெற்றபோது இருந்த ஏடும் ஒன்றே என்றால், அது பழசாகவே கூடாது. வரைபடக் கடதாசிக்கும் இதே கதிதான். அவன் தன் மூளையாலும் உழைப்பாலும் பொறியைச் செய்யட்டும். அக்காவுக்காகச் செய்த பொறி அவன் கைப்படச் செய்ததாக இருந்தால்தான் அந்தத் துயரத்துக்குப் பெறுமதி உண்டு.

நேரம் பார்ப்பவள், அக்கரைப்பற்று

சிறிய விடயம் ஒன்று. 2004இல் இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 6 மணித்தியாலம் முன்னால் இருந்தது. 2006 ஏப்ரலில்தான் அதை ஐந்தரை மணித்தியாலமாக மாற்றினார்கள். தங்கள் கதாநாயகன் இன்றைய கணக்கில் பொறியை 8.15க்கு வைத்தால், அன்று ஊரிலுள்ள மணிக்கூடுகள் 8.45 காட்டும்.

வாவிக்கரையான், மட்டக்களப்பு

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட சாதாரணக் காரணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அக்கரைப்பற்றுச் சகோதரி அதைத் தந்துவிட்டார். வீட்டுச் சுவரில் அன்றைய நேரத்திலேயே நின்றுபோன மணிக்கூட்டைப் பார்த்து வளர்ந்தவன் அவன். கடல் 9 மணியளவில் வந்தது என்பது அவனுக்கு மனப்பாடம். முக்கால் மணித்தியாலம் போதும் என்று கணக்கிட்டு வருகிறான். இருபது ஆண்டுகளாகப் பொறியின் ஒவ்வோர் ஆணியையும் சரிபார்த்தவன், அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் மறந்துவிடுகிறான். போயா விடுமுறைக் காலை. முற்றத்தில் அக்கா தலை துவட்டிக்கொண்டு நிற்கிறார். யாரோ ஒரு நரைத்த மனிதர் படலையில் நின்று தன் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கேட்டு, "ஆரு?" என்று கேட்கிறார். உள்ளே, சுவரில், மணி 8.58. வரைபடத்தை நீக்கிவிட்டேன்.