அடித்துணியை ஃபிரேமில் ஏற்றும் முன் எப்படித் தயார் செய்வது?

கேள்வி:
50 அங்குல அகலம், 70 அங்குல நீளத்தில் குவில்ட்டின் (அடுக்குத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) மேல்துணி தைத்தாகிவிட்டது. இனி லாங்ஆர்ம் ஃபிரேமில், அதாவது துணியை ரோலர்களில் சுற்றிப் பிடித்து மெஷின் தலையை நகர்த்தித் தைக்கும் சட்டத்தில், ஏற்ற வேண்டும். அடித்துணிக்கு எடுத்திருப்பது 44 அங்குலப் பன்னா காட்டன், அதனால் ஒட்டுப் போட்டே ஆக வேண்டும். எவ்வளவு பெரிதாக வெட்டுவது? ஒட்டு நடுவில் நெடுக வந்தால் பரவாயில்லையா?

பதில் 1:
நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள், அதாவது 58க்கு 78. மேலும் கீழும் லீடர் துணியில் (ரோலரோடு இணைந்திருக்கும் துணி) குத்தவும், பக்கவாட்டில் கிளாம்ப் பிடிக்கவும், மெஷின் தலை கிளாம்பில் இடிக்காமல் ஓடவும் அந்த இடம் வேண்டும்.

ஒட்டை நெடுகப் போடாதீர்கள். ரோலரில் சுற்றச் சுற்ற அதன் தடிப்பு ஒரே இடத்தில் ஏறிக்கொண்டே போய், நடுப்பகுதி விறைத்து, இரண்டு பக்கமும் தொய்ந்துவிடும். குறுக்கே, ரோலருக்கு இணையாக வந்தால் அந்தத் தொல்லை இல்லை. துணியும் மிச்சம்: நெடுக ஒட்ட 78 அங்குலத்தில் இரண்டு துண்டு வேண்டும், குறுக்கே என்றால் 58ல் இரண்டு போதும். இரண்டு பன்னாவும் சேர்ந்து 80க்கு மேல் வரும், உங்களுக்கு வேண்டியது 78தான். சதுரம் பார்த்து நறுக்க ஒவ்வொரு துண்டிலும் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஒட்டும் இடத்தில் கரையை (பன்னாவின் இரு ஓரத்திலும் வரும் நெய்த விளிம்பு) வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். கரை நெருக்கமாக நெய்திருப்பதால் மற்ற துணியோடு சேர்ந்து இழுபடாது, துவைத்த பிறகு அந்த வரி மட்டும் சுருங்கி நிற்கும். அரை அங்குலம் விட்டுத் தைத்து, ஒட்டைப் பிரித்து இஸ்திரி போடுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை டேப் வைத்துப் பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கோணலாக ஏற்றிய துணி சுற்றும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும், பின்பக்கம் மடிப்பு விழுவது குவில்ட்டைக் கழற்றிய பிறகுதான் தெரியும்.

கேட்டவர்:
நன்றி, குறுக்கேயே ஒட்டுகிறேன். முதலில் துவைக்க வேண்டுமா?

பதில் 2:
அடர் சிவப்பு, கருநீலம் மாதிரி சாயம் போகக்கூடிய நிறமென்றால் கட்டாயம். துவைப்பதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள், அளவு சுருங்கும்.

பதில் 3:
ஏற்றும்போது மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். கீழிருந்து விரலால் அமுக்கினால் துணி கொஞ்சம் எழும்ப வேண்டும், மேலிருந்து அந்த விரல் நுனியைப் பிடிக்க முடிந்தால் இழுப்பு போதும்.