மறு: ட்ரக்கியோஸ்டமிக் குழாய்: ‘சுற்றுப்பட்டை’ வேண்டாம்

ஐயா, வணக்கம்.

ட்ரக்கியோஸ்டமி, அதாவது மூச்சு விடக் கழுத்தில் இடும் துளை, அதில் வைக்கும் குழாயை வீட்டில் பராமரிப்பவர்களுக்கான நம் கையேட்டின் சொற்பட்டியலை நேற்று இரவுதான் முழுதாகப் பார்த்தேன். உட்குழல், வெளிக்குழல் இரண்டும் அருமை. சளி காய்ந்து ஒட்டும்போது கழற்றிக் கழுவுவது உட்குழலை மட்டும்தான். வெளிக்குழல் கழுத்திலேயே இருக்கும். சொல்லிலேயே அது விளங்கிவிடுகிறது. ஆனால் குழாயைச் சுற்றி உள்ளே ஊதி நிற்கும் ‘கஃப்’புக்கு நீங்கள் இட்ட ‘சுற்றுப்பட்டை’யை மாற்றும்படி கேட்கிறேன்.

இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுவதும் சுற்றுப்பட்டைதான். அதுகூடப் பரவாயில்லை. எனக்குள்ள பயம் வேறு. குழாயைக் கழுத்தோடு பிடித்து வைத்திருப்பது ஒரு நாடா. வீட்டுக்காரர் அதைப் பட்டி, பட்டை என்றுதான் சொல்கிறார்கள். கையேட்டில் ‘சுற்றுப்பட்டையின் காற்றை இறக்கவும்’ என்று நாம் எழுதுவதை, கொட்டாஞ்சேனையில் தாயைப் பார்க்கும் ஒரு மகள் ‘பட்டையை இறக்கு’ என்று நினைவில் வைத்து நாடாவை அவிழ்த்தால், ஒரு இருமலில் குழாயே வெளியே வந்துவிடும். ஆஸ்பத்திரி வாட்டில் அவளுக்குச் சொல்லப்படுவது பல நேரம் சிங்களத்தில். வீட்டுக்குப் போனபிறகு கையில் இருப்பது நம்முடைய தாள் மட்டும்தான்.

கஃப் என்பது வாதனாளிக்குள் (தொண்டையிலிருந்து நுரையீரலுக்கு மூச்சு போகும் வழி), குழாயின் கீழ்ப்பகுதியைச் சுற்றி இருக்கும் காற்றுப்பை. ஊதினால் வாதனாளிச் சுவரோடு ஒட்டி நிற்கும். வென்டிலேட்டர் தரும் காற்று மேலே கசியாது. எச்சில் கீழே இறங்குவதும் குறையும், முற்றாக நிற்காது. அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும், பிறகு அந்த இடம் சுருங்கவும் கூடும். ஆகவே ‘ஊதுவளையம்’ என்று வைப்போம். இந்த வகைக் குழாய் ‘ஊதுவளையக் குழாய்’, மற்றது ‘வளையமில்லாக் குழாய்’. கழுத்துக்கு வெளியே தொங்கும் சின்னப் பலூன் ‘காட்டிக்குமிழ்’. உள்ளே காற்று இருக்கிறதா என்று அதைத் தொட்டுத்தானே அறிகிறோம்.

நான் இவ்வளவு வற்புறுத்துவது பேச்சு வால்வை நினைத்துத்தான். அது பேசுவதற்காகக் குழாயின் வாயில் மாட்டும் ஒருவழி வால்வு. மூச்சு கழுத்து வழியாக உள்ளே வரும். வெளியே போவது குரல்வளை வழியாக. அதனால்தான் குரல் வருகிறது. ஊதுவளையத்தில் காற்று இருக்கும்போது அந்த வால்வை மாட்டினால் உள்ளே போன மூச்சுக்கு வெளியேற வழியே இல்லை. சில நிமிடங்களில் உயிர் போகலாம். அந்த ஒரு வாக்கியத்தை யார் வாசித்தாலும் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
கொழும்பிலிருந்து

---

பிள்ளை,

நாடா விஷயத்தை நான் யோசிக்கவில்லை, நீர் சொல்வது சரி. ஆனால் ‘ஊது’ எல்லா வகைக்கும் பொருந்துமா? தானாக விரியும் ஸ்பொஞ்ச் வைத்தது ஒன்று உண்டு, நீர் ஏற்றும் சிலிக்கன் குழாயும் உண்டு. அது செய்யும் வேலையை வைத்து ‘அடைப்பு வளையம்’ என்றால் மூன்றுக்கும் ஆகுமே.

‘பலூன்’ என்றே விடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு விருப்பமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த நாடு இது.

---

ஐயா,

‘அடைப்பு’ மட்டும் வேண்டாம். குழாய் வைத்திருப்பவர் வீட்டில் ‘அடைப்பு’ என்றால் சளி அடைத்து மூச்சுத் திணறுவது. அது அவசர நிலை. ஒரே தாளில் ‘அடைப்பு வளையம்’ என்றும் ‘அடைப்பு வந்தால் உட்குழலை உடனே கழற்றுங்கள்’ என்றும் எழுத முடியாது.

ஸ்பொஞ்ச் வைத்ததைப் ‘பஞ்சுவளையம்’ எனலாம். அதற்குப் பேச்சு வால்வு அறவே கூடாது, ஆகவே தனிப்பெயர் இருப்பது நல்லதுதான். நீர் ஏற்றுவதற்கு ‘நீர்வளையம்’. பலூன் பற்றி: வாட்டில் நாங்களும் பலூன் என்றுதான் சொல்கிறோம். முதல் தடவை ‘ஊதுவளையம், அதாவது உள்ளே இருக்கும் பலூன்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சொல்லை மட்டும் பயன்படுத்துவோமா?

இன்னும் இரண்டு. தமிழ்நாட்டு நண்பர் ‘மூச்சுக்குழாய்’ என்று மாற்றச் சொல்கிறார். இங்கே ‘குழாய்’ ஏற்கெனவே பிளாஸ்டிக் பொருளுக்குப் போய்விட்டது. உறுப்பும் கருவியும் ஒரே பெயரில் இருந்தால் ‘குழாயில் புண்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள வாதனாளியே இருக்கட்டும்.

மற்றது, முதுகில் துளையுள்ள வகை. ‘துளைக் குழாய்’ சரிவராது. எல்லாக் குழாயிலும் துளை உண்டு. ‘சாளரக் குழாய்’ என்பேன். அதற்குச் சாளரமுள்ள உட்குழல், சாளரமில்லா உட்குழல் என இரண்டு வரும். சளி உறிஞ்சுமுன் சாளரமில்லாததை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சுகுழல் அந்தச் சாளரத்தால் வெளியே போய் வாதனாளிச் சுவரைக் குத்தும்.

---

பிள்ளை,

ஊதுவளையம், காட்டிக்குமிழ், பஞ்சுவளையம், நீர்வளையம், சாளரக் குழாய் ஐந்தையும் சேர்த்துவிட்டேன், வாதனாளி அப்படியே. பேச்சு வால்வு எச்சரிக்கையைத் தாளின் முதற்பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன். தலைமாட்டில் இருக்க வேண்டிய மாற்றுக் குழாய் இரண்டும், அதே அளவில் ஒன்று, ஒரு அளவு சிறியது ஒன்று, அதன் கீழே வரும். கழுத்தோடு ஒட்டி நிற்கும் தட்டுக்கு இன்னும் சொல் இல்லை. ‘கழுத்துத் தகடு’ என்று போட்டிருக்கிறேன். வாட்டில் இருப்பவர்களிடம் கேட்டுச் சொல்லும்.