பில்லிங் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அப்புறம் போகம் வாரி பாக்கி காணோம், பழசுக்கே திரும்ப வழி இருக்கா?

பாமணியாறு எழுதியது:

வணக்கம். மன்னார்குடி பக்கம் உரம், பூச்சி மருந்து கடை வச்சிருக்கோம், அப்பா ஆரம்பிச்சது. பில்லிங்குக்கு ஒரு சாஃப்ட்வேர் ரொம்ப வருஷமா ஓடிட்டு இருந்துச்சு (பேர் வேண்டாம்), பாக்க அழகா இருக்காது ஆனா கீபோர்டுல கை வச்சா நிக்காம ஓடும், மவுஸ தொடவே வேணாம். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி ரேட் மாறுச்சுல்ல, நுண்ணூட்ட உரம் 12 சதவீதத்துலேர்ந்து 5க்கு வந்துச்சு, அதுக்கு புது வெர்ஷன் போட்டாதான் ஆவும்னு சொல்லி ஆள் வந்து போட்டுட்டு போயிட்டாரு. அப்ப சம்பா நடவு நேரம், கடையில கூட்டம், நின்னு பாக்க நேரம் இல்ல. இப்ப அறுவடை வந்து காசு வர்ற நேரத்துலதான் என்ன போயிருக்குன்னே முழுசா தெரியுது.

பழசுல பில்லுக்கு அடியில நெல்லு போகத்துக்கு ஒன்னா மூணு வரி வரும். குறுவை பாக்கி, சம்பா பாக்கி, தாளடி பாக்கின்னு தனித்தனியா. நம்ம ஊர்ல உரக்கடை வியாபாரம் எப்படின்னு தெரியும், கடனுக்கு எடுத்துட்டு போவாங்க, அறுத்து கொள்முதல் நிலையத்துல போட்டு பேங்க்ல பணம் ஏறினதும் கொண்டாந்து கட்டுவாங்க. ஒருத்தருக்கு சொந்த நிலத்துல சம்பா இருக்கும், குத்தகை நிலத்துல குறுவையும் தாளடியும் இருக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே பேர்ல வாங்குவாங்க, குறுவை அண்ணனோடது தாளடி தம்பியோடது. அவங்களுக்கு அந்த மூணு வரிதான் கணக்கு. பில்ல மடிச்சு சட்டைப் பையில வச்சுட்டு போயி வீட்டுல காட்டுவாங்க, அதோட சரி, ஒரு பேச்சு வராது.

புது வெர்ஷன்ல மொத்த நிலுவைன்னு ஒரே ஒரு நம்பர். போன வாரம் ஒரு பெரியவர், அப்பா காலத்துலேர்ந்து வர்றவரு, பில்ல வாங்கி பாத்துட்டு "என்ன தம்பி, சம்பாவுக்கு இவ்வளவா எடுத்தேன்?"னு கேட்டாரு. அவர் கேட்டதுல தப்பே இல்ல, அதுல குறுவை மிச்சமும் சேந்து இருக்கு. நான் ஒவ்வொரு பில்லா திறந்து தேதிய பாத்து பிரிச்சு பேப்பர்ல கூட்டி காட்டி முடிக்கிறதுக்குள்ள பின்னாடி நின்னவங்க எல்லாம் முகம் சுளிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவர் ஒத்துக்கிட்டு கட்டிட்டு போயிட்டாரு, ஆனா அந்த ஒரு நிமிஷம் என்னைய சந்தேகமா பாத்தாருல்ல, அது எனக்கு மனசே ஆறல.

கம்பெனிக்கு போன் பண்ணா "அந்த ஆப்ஷன் நெறைய பேர் யூஸ் பண்றது இல்ல சார், அதான் எடுத்துட்டோம்"னு சொல்றாங்க. வருஷத்துல ரெண்டு மூணு மாசம்தான் யூஸ் ஆவும், உண்மைதான், ஆனா அந்த மாசங்கள்லதான் கடைக்கு காசே வருது.

இன்னொன்னு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழசுல பட்டுன்னு அடிக்கும், இப்ப ஒரு பில்லு அடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆளுக்கு மூட்டை எடுத்து போட்டுடலாம், அவ்வளவு மெதுவு. ஐட்டம் ஷார்ட் கோடும் போயிடுச்சு. அதெல்லாம்கூட பழகிக்கலாம்.

கேள்வி இதுதான். பழைய வெர்ஷனுக்கு திரும்ப போக முடியுமா? செப்டம்பருக்கு அப்புறம் போட்ட பில்லெல்லாம் புதுசுல இருக்கே, அது என்ன ஆவும்?

வெட்டாறு எழுதியது:

அண்ணே எனக்கும் இதே கதைதான், திருவாரூர்ல ஹார்டுவேர் கடை, வேற சாஃப்ட்வேர். எஸ்டிமேட் போட்டு குடுத்தா ஆளு ஒரு மாசம் கழிச்சு வந்து சரி எடுத்துக்குறேன்னு சொல்வாரு, அந்த எஸ்டிமேட்ட ஒரே பட்டன்ல பில்லா மாத்திடலாம், இப்ப அந்த பட்டனே இல்ல, பைப்பு எல்போ டீ எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து அடிக்கணும். கேட்டா பிரீமியம் பிளான்ல இருக்குங்கறாங்க. இருந்ததை எடுத்துட்டு அதுக்கே தனியா காசு கேட்டா வயிறு எரியுமா எரியாதா. பதில் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க, நானும் இந்த இழைய பாத்துட்டு இருக்கேன்.

முள்ளியாறு எழுதியது:

நான் திருத்துறைப்பூண்டி, இப்ப சென்னையில சாஃப்ட்வேர் வேலை. ஏன் இப்படி பண்றாங்கன்னு உள்ள இருந்து பாக்குறவனா சொல்றேன், நியாயப்படுத்தல.

பெரும்பாலும் யாரும் உக்காந்து இந்த ஆப்ஷன தூக்குன்னு சொல்றது இல்ல. பழைய கோட தூக்கிப் போட்டுட்டு மொத்தத்தையும் புதுசா எழுதுவாங்க, அப்ப பழசுல இருந்த ஒவ்வொன்னையும் திருப்பி எழுதணும், தேதி நெருங்குனதும் எது எத்தனை பேர் யூஸ் பண்றாங்கன்னு எண்ணிக்கைய பாத்து கீழ இருக்குறத விட்டுடுவாங்க. விண்டோஸ் 11 2021 அக்டோபர்ல வந்தப்ப டாஸ்க்பார (திரைக்கு அடியில இருக்குற பட்டை) புதுசா எழுதினாங்க, அதுல ஒவ்வொரு விண்டோவையும் பேரோட தனித்தனியா காட்டுற வசதி போயிடுச்சு, ஆளாளுக்கு கேட்டு கேட்டு 2023லதான் திரும்ப வந்துச்சு. விண்டோஸ் 8ல 2012ல ஸ்டார்ட் பட்டனையே எடுத்து அடுத்த வருஷம் 8.1ல திருப்பி வச்சாங்க. சோனோஸ்னு ஸ்பீக்கர் கம்பெனி, 2024 மே மாசம் ஆப்ப புதுசா எழுதி விட்டாங்க, அலாரம், ஸ்லீப் டைமர் எல்லாம் இல்ல, ஜனங்க கொதிச்சுப் போயி பழைய ஆப்ப குடுங்கன்னு கேட்டாங்க. சர்வர் பக்கமும் மாத்திட்டதால பழச திருப்பி விட்டா இன்னும் மோசமாவும்னு சொல்லிட்டாங்க. தலைமை அதிகாரி மன்னிப்பு கேட்டாரு, 2025 ஜனவரில பதவியையும் விட்டாரு.

உங்க விஷயத்துல எனக்கு கோவம் வர்ற இடம் அந்த "நெறைய பேர் யூஸ் பண்றது இல்ல". ஜூலை மாச எண்ணிக்கைய எடுத்தா போகம் வாரி ரிப்போர்ட்ட ஒருத்தரும் திறந்திருக்க மாட்டாங்க. தை மாசியில எடுத்திருந்தா டெல்டா முழுக்க அதத்தான் திறந்து வச்சிருப்பாங்க. மேட்டூர் எப்ப திறக்குது, நெல்லு எப்ப அறுக்குறாங்கன்னு தெரியாத எடத்துல உக்காந்து எண்ணினா இப்படித்தான் வரும். இத அவங்ககிட்ட இதே வார்த்தையில எழுதி அனுப்புங்க. போன்ல சொல்றது அந்த போனோட போயிடும், மெயில்ல எழுதினா டிக்கெட்டா, அதாவது பதிவான புகாரா நிக்கும்.

குடந்தை சர்வீஸ் எழுதியது:

கும்பகோணத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், கடை பில்லிங் சிஸ்டம் நெறைய பாத்திருக்கேன். சார் முதல்ல ஒரு விஷயம், வரி சதவீதம் மாத்துறதுக்கு புது வெர்ஷன் கட்டாயம்னு இல்ல. பழைய பில்லிங் சாஃப்ட்வேர் அநேகமா எல்லாத்துலயும் டாக்ஸ் மாஸ்டர்னு ஒரு ஸ்க்ரீன் இருக்கும், அதுல 12 எடுத்து 5 போட்டா முடிஞ்சுச்சு. உங்ககிட்ட வந்த ஆள் அத சொல்லியிருக்கணும்.

பழைய ஃபோல்டர அழிச்சுட்டாங்களா இல்ல பேர் மாத்தி வச்சிருக்காங்களா பாருங்க, வழக்கமா அழிக்க மாட்டாங்க. உள்ள டிபிஎஃப்னு முடியிற ஃபைல் இருந்தா அது ஃபாக்ஸ்ப்ரோங்கற பழைய புரோகிராம் மொழியில எழுதினதா இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்ட 2015 ஜனவரியிலயே நிறுத்திட்டாங்க, இப்ப அதுல எழுத ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு, கம்பெனி மாறினதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். உங்களுக்கு நல்ல சேதி என்னன்னா டிபிஎஃப் ஃபைல லிப்ரே ஆபீஸ் கால்க்ல திறந்து பாக்கலாம், இலவசம்தான். மொத்த ஃபோல்டரையும் முதல்ல ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டு அந்த காப்பிய மட்டும் திறங்க, ஒரிஜினல்ல கை வைக்காதீங்க, அதுல சேவ் பண்ணிட்டா இண்டெக்ஸ் கெட்டு பழைய சாஃப்ட்வேர்ல திறக்காம போயிடும்.

திரும்ப போகலாமான்னா, செப்டம்பருக்கு முந்தின கணக்கு பழசுல அப்படியே நிக்கும். அப்புறம் போட்ட பில்ல புதுசுலேர்ந்து எக்செல்லுக்கு எடுக்கலாம், ஆனா பழசுக்குள்ள அதுவா ஏறாது, உக்காந்து அடிக்கணும். பில் நம்பர் வேற ரெண்டு வரிசையா ஆயிடும், ஜிஎஸ்டி ரிட்டன் ஏற்கனவே புதுசுலேர்ந்துதான் போட்டிருப்பீங்க, ஆடிட்டர கேக்காம நடு வருஷத்துல மாத்தாதீங்க. ஏப்ரல்னா புது கணக்கு வருஷம், அது வேற விஷயம்.

அது வரைக்கும் ஒரு வழி. புது வெர்ஷன்ல பில்லுக்கு ரிமார்க்ஸ்னோ ரெஃபரன்ஸ்னோ ஒரு கட்டம் இருக்கும். பில் போடுறப்ப அதுல போகத்துக்கு ஏத்த மாதிரி 'கு', 'ச', 'தா'ன்னு ஒரு எழுத்து போட்டுடுங்க. எக்செல்ல இழுத்தா பிவட் டேபிள்ல (தானா பிரிச்சு கூட்டிக் காட்டுற அட்டவணை) ஆள் வாரியா, போகம் வாரியா பிரிஞ்சுடும்.

பிரிண்டர் மெதுவா அடிக்கிறது ஏன்னா பழசு எழுத்த எழுத்தாவே பிரிண்டருக்கு அனுப்பும், புதுசு பக்கத்த படமா வரைஞ்சு அனுப்புது, ஊசி ஒவ்வொரு புள்ளியா குத்திக்கிட்டு போவுது. விண்டோஸ்ல ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லின்னு ஒரு டிரைவர் இருக்கு, அத போட்டு பாருங்க, பில் டிசைன் எளிமையா இருந்தா வேகம் வந்துடும். தமிழ்ல பேர் அடிக்கிறீங்கன்னா அது சரிவராது.

வடவாறு எழுதியது:

எல்லாரும் பழசுக்கு போங்கன்னு சொல்லிடாதீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு வைரஸ் வந்துச்சே, அத தடுக்குற பேட்ச் (திருத்தம்) மார்ச்லயே வந்துடுச்சு, அப்டேட் போடாத சிஸ்டம்தான் மாட்டுச்சு, ஃபைலெல்லாம் பூட்டிட்டு காசு கேட்டாங்க. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுடுச்சு. பழைய சாஃப்ட்வேர் வேணும்னா ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டு நெட் கனெக்ஷன் இல்லாம வச்சுக்குங்க, பாக்கி பாக்க மட்டும்.

முள்ளியாறு எழுதியது:

வடவாறு சொல்றது சரிதாங்க, ஆனா பாதுகாப்பு அப்டேட் வேற, வசதிய எடுக்குற அப்டேட் வேற. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி குடுக்குறதுதான் பிரச்சனையே. அதுல கை சுட்டுக்கிட்டவங்க அடுத்த தடவ பாதுகாப்பு பேட்ச் வந்தாலும் பயந்து போட மாட்டாங்க, அதுக்கு அவங்கள எப்படி குத்தம் சொல்றது.

பாமணியாறு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குடந்தை சார் சொன்ன மாதிரி பாத்தேன், பழைய ஃபோல்டர் டி டிரைவ்ல அப்படியே இருக்கு, டிபிஎஃப்தான். காப்பி எடுத்து கால்க்ல திறந்தேன், போகம்னு ஒரு காலமே தனியா இருக்கு, குறுவைக்கு 1, சம்பாவுக்கு 2, தாளடிக்கு 3ன்னு. அத வச்சு செப்டம்பர் வரைக்கும் ஆள் வாரியா பிரிண்ட் எடுத்து கல்லாவுல வச்சாச்சு. இப்ப போடுற பில்லுக்கு ரிமார்க்ஸ்ல எழுத்து போட ஆரம்பிச்சுட்டேன், செப்டம்பருக்கு அப்புறம் ஏற்கனவே போட்ட பில்லுக்கெல்லாம் ராத்திரி கடைய பூட்டினதும் தம்பி உக்காந்து போடுறான். அந்த பெரியவருக்கும் பிரிச்ச கணக்க பிரிண்ட் எடுத்து வீட்டுக்கே கொண்டு போயி குடுத்துட்டேன்.

ஜெனரிக் டிரைவர் போட்டு பாத்தேன், வேகம் வந்துடுச்சு ஆனா பேப்பர் ஒவ்வொரு பில்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிட்டே போவுது, கிழிக்கிற இடம் மாறுது. அதுக்கு எங்க செட் பண்ணணும்?

கம்பெனிக்கு மெயில் எழுதிட்டேன். நீடாமங்கலம், கோட்டூர் பக்கம் இதே சாஃப்ட்வேர் வச்சிருக்க உரக்கடைக்காரங்க இருந்தா தனிச்செய்தி அனுப்புங்க, பத்து கடையா சேந்து கேட்டா அந்த மூணு வரிய திருப்பி வைக்க மாட்டோம்னு அவங்களால சொல்ல முடியாது.

குடந்தை சர்வீஸ் எழுதியது:

பிரிண்டர் ப்ராபர்டீஸ்ல பேப்பர் சைஸ் ஏ4 இருக்கும் சார். பிரிண்ட் சர்வர் ப்ராபர்டீஸ்ல புது ஃபார்ம் ஒன்னு உருவாக்கி உங்க பேப்பரோட நீளத்த ஸ்கேல் வச்சு அளந்து போடுங்க, துளையையும் சேத்து அளக்கணும்னு இல்ல, மடிப்புலேர்ந்து மடிப்பு வரைக்கும் போதும். பிரிண்டர்லயும் பேஜ் லெங்த் அதே அளவுல இருக்கான்னு பாத்துடுங்க.