பெண் பிள்ளைகளுக்கான சாரணர் ட்ரூப் தொடங்க உதவி தேவை

அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம். எங்கள் ஆண் பிள்ளைகளின் ட்ரூப்போடு (சாரணர் படையோடு) இணைத்து, 11 முதல் 17 வயது வரையிலான பெண் பிள்ளைகளுக்கும் ஒரு ட்ரூப் தொடங்கப்போகிறோம். பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு (இப்போது ஸ்கவுட்டிங் அமெரிக்கா) 2019 பிப்ரவரியிலேயே இதற்கு வழிவிட்டுவிட்டது. மிக உயர்ந்த நிலையான ஈகிள் வரைக்கும் பையன்களுக்கு உள்ள அதே தகுதிகள்தான்.

தொடங்க 5 பிள்ளைகள் போதும், சேர்ந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் கிடைப்பதில்லை. கூட்டமோ முகாமோ, 21 வயது நிரம்பிய, பதிவுபெற்ற இரண்டு பெரியவர்கள் கட்டாயம். பெண் பிள்ளைகள் வந்தால் பதிவுபெற்ற ஒரு பெண்ணாவது இருந்தே ஆகவேண்டும். ஒரே ஒரு அம்மாவை நம்பி முகாமுக்குத் தேதி குறித்தால், வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்ததும் முகாமே ரத்து. ஆகவே மூன்று நான்கு அம்மாக்கள் முன்வாருங்கள். கூடாரம் அடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சொல்லித்தருகிறோம். பின்னணிச் சரிபார்ப்பும் இணையவழி இளையோர் பாதுகாப்புப் பயிற்சியும் மட்டும் முன்கூட்டியே முடிய வேண்டும்.

பெரியவர்களின் கமிட்டி இரண்டு ட்ரூப்புக்கும் பொது, பிள்ளைகளை வழிநடத்தும் பெரியவரான ஸ்கவுட் மாஸ்டர் தனித்தனி. பிள்ளைகளில் ஒருவராக இருந்து ட்ரூப்பை நடத்தும் சீனியர் பேட்ரோல் லீடரைப் பெண் பிள்ளைகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். பையன்களின் லீடரே சேர்த்து நடத்தட்டும் என்று விட்டால் கயிறும் அடுப்பும் பையன்கள் கைக்குப் போய்விடும். இவர்கள் வேடிக்கை பார்க்க நேரும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இருவர் படுக்கும் கூடாரங்களும் இரவல் வேண்டும். ஒரே கூடாரத்தில் இருப்பவர்களுக்குள் இரண்டு வயதுக்கு மேல் வித்தியாசம் கூடாது. 11 வயதில் மூவர், 14இல் ஒருத்தி, 17இல் ஒருத்தி என்றால் ஐந்து பேருக்கே நான்கு கூடாரம்.

மகளின் வயது, உங்களுக்கு ஒழியும் மாலை, தரக்கூடிய கூடாரம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள்.