ஜாவா நிரல்மொழியில் ஜூன் 10 எனக் கொடுத்த தேதி ஜூலை 10 ஆவது ஏன்?

கேள்வி (நூலகநிரலி):
புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய நாளைக் கணக்கிட எங்கள் நூலகத்துக்காக ஒரு நிரல் எழுதி வருகிறேன். ஜாவாவில் தேதிகளைக் கையாளும் காலண்டர் வகுப்பில் (கிளாஸ்) அன்றைய தேதியோடு ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, செட் மெத்தட் மூலம் முதலில் மாதத்தை ஜூன் என்றும், அடுத்து நாளை 10 என்றும் மாற்றுகிறேன். மே 30 அன்று சரியாக ஓடிய நிரல், மறுநாள் ஜூலை 10 என்று காட்டியது. மாதத்தை மாற்றியவுடன், தேதியைப் பெறும் கெட்டைம் மெத்தட் கொண்டு தேதியை அச்சிட நான் சேர்த்திருந்த வரியை நீக்கினால் மட்டும் ஜூன் 10 என்று சரியாக வருகிறது. அச்சிடும் வரி தேதியை எப்படி மாற்றும்?

பதில் (பழையகுறி):
செட் மெத்தட், கொடுத்த மதிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுமே தவிர, தேதியை உடனே கணக்கிடுவதில்லை. கெட்டைம் போன்ற ஒன்றை அழைக்கும்போதுதான் கணக்கு நடக்கிறது. மே 31 அன்று மாதத்தை மட்டும் மாற்றிவிட்டு அச்சிட்டதால், இல்லாத ஜூன் 31ஐ அது ஜூலை 1 என்று திருத்திக்கொண்டது. அதன்பின் நாளை 10 ஆக்கினால் ஜூலை 10 தான் வரும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒரே அழைப்பில் கொடுத்துவிடுங்கள். மாதத்தை எண்ணாகக் கொடுத்தால் ஜனவரி 0, ஜூன் 5 என்பதை மறக்க வேண்டாம். செட்லீனியன்ட் மெத்தட்டுக்கு ஃபால்ஸ் கொடுத்தால், இல்லாத தேதி திருத்தப்படாமல் பிழையாக வெளிப்படும்.

பதில் (காலக்கணக்கன்):
விளக்கம் சரியானது. ஆனாலும் புதிதாக எழுதும் நிரலில் காலண்டரைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 முதல் லோக்கல்டேட் வகுப்பு இருக்கிறது. அதன் ஆஃப் மெத்தட்டுக்கு 2025, 6, 10 என்று நாம் எழுதும் எண்களையே கொடுக்கலாம். ஜூன் 31 கேட்டால் அங்கேயே பிழை எழும். நேரமும் வேண்டுமென்றால் லோக்கல்டேட்டைம் உண்டு.

நூலகநிரலி:
லோக்கல்டேட்டுக்கு மாற்றிவிட்டேன், மிக்க நன்றி. ஆனால் பிளஸ்டேஸ் மெத்தட்டுக்கு 14 கொடுத்து அழைத்த பிறகும் தேதி அப்படியே இருக்கிறதே?

காலக்கணக்கன்:
லோக்கல்டேட் ஆப்ஜெக்ட் ஒருமுறை உருவானபின் மாறவே மாறாது. பிளஸ்டேஸ் 14 நாள் கூட்டிய புதிய ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளாவிட்டால் வீணாகிவிடும். "திருப்பும்நாள் = எடுத்தநாள்.பிளஸ்டேஸ்(14)" என்ற அமைப்பில் எழுதுங்கள். எடுத்த நாள் கெடாமல் அப்படியே இருப்பதால், தாமதக் கட்டணத்துக்கான நாட்களையும் அதை வைத்தே சரிபார்க்கலாம்.